நான்கு மணிக்குள் சொல்ல வேண்டிய எண்

எங்கள் தீவின் லௌடோகா ஊரில் யார் யார் நாட்டை விட்டுப் போகப் போகிறார்கள் என்பது, அவரவர் பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்பே மோகினிக்குத் தெரிந்துவிடும். அவள் ஜோசியக்காரி இல்லை. நடபுவா பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கிளார்க். மதிப்பெண் பட்டியலுக்கு மூன்று நகல், கூடவே நன்னடத்தைச் சான்றிதழ், எல்லாவற்றிலும் பள்ளி முத்திரை என்று ஒரு அப்பா வந்து நின்றால், அது தூதரகத்துக்குத்தான். எதற்கு என்று கேட்டால், "சும்மா, வீட்ல இருக்கட்டும்னு" என்பார். மோகினியும் நம்பியதுபோல் தலையாட்டி முத்திரை குத்திக் கொடுப்பாள்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறு வருடம் அது. கரும்பு வெட்ட வந்த இந்தியர்களின் வழியில் பிறந்த எங்கள் ஆட்கள் போவதைச் சொல்லிக்கொண்டு போனதில்லை. சொன்னால் கண் பட்டு விசா நின்றுவிடும் என்று ஒரு பயம். வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று இன்னொரு பயம். நாந்தி விமான நிலையத்துக்கு டாக்ஸி ஏறும் அன்று காலைவரை பக்கத்து வீட்டோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு இந்தப் பழக்கத்தின்மேல் அடங்காத கோபம் உண்டு. நானும் அப்படித்தான் கிளம்பினேன் என்பது வேறு விஷயம். நான் அந்தப் பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியார், பெயர் சிவன்.

அந்த வருடம்தான் கல்லூரிச் சேர்க்கையை மாற்றினார்கள். அதுவரை ஒவ்வொரு படிப்புக்கும் தனியாக எழுதிப் போடுவோம். இடம் கிடைக்காவிட்டால் எங்கள் ஹெட்மாஸ்டர் பிஜேந்திரா தலைநகர் சுவாவுக்கு பஸ் ஏறிப் போய், யாரையாவது பார்த்துப் பேசி ஒன்றிரண்டு பிள்ளைகளையாவது நுழைத்துவிட்டு வருவார். புது முறையில் எல்லாப் படிப்புக்கும் சுவாவில் ஒரே அலுவலகம், ஒரே ஃபாரம், ஒரே பட்டியல். ஃபாரத்தில் இனம் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் இந்தியர் என்று எழுதியவர்களுக்குத் தனி வரிசை, அதில் இடமும் குறைவு. இடம் கிடைத்தவரின் பெற்றோர், குடும்பம் வெளிநாடு போகாது, பிள்ளை படித்து முடித்து இங்கேயே வேலை செய்யும் என்று கையெழுத்துப் போட வேண்டும். பிறகு பள்ளி கிளார்க் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் சுவாவுக்கு போன் செய்து அந்தப் பிள்ளையின் எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் காத்திருப்பவருக்குப் போகும். நான்கு மணிக்குப் பிறகு பட்டியலை யாரும் தொட முடியாது.

மருத்துவப் படிப்புக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஷானிலுக்கு இடம் கிடைத்தது. காத்திருப்போர் வரிசையில் முதல் பெயர் அஷிகா. மோகினியின் ஒரே மகள். ஆறாம் வகுப்பிலிருந்தே டாக்டர் டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண். நான்தான் அவளுக்குப் பாடம் நடத்தினேன். ஷானிலைவிட அவள் ஒரு மாற்றுக்கூடக் குறைந்தவள் இல்லை. இரண்டு மதிப்பெண்தான் வித்தியாசம்.

ஷானிலின் அப்பா யோகேந்திரா டாக்ஸி ஓட்டுபவர். டிசம்பரில் அவர்தான் மூன்று நகலும் நன்னடத்தைச் சான்றிதழும் கேட்டு வந்து நின்றார். முத்திரை குத்தியது மோகினி. ஆக, அந்தக் குடும்பம் கனடாவுக்குக் கிளம்புகிறது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். வாரம் முழுவதும் அவள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: அவர்கள் கையெழுத்துப் போட வராமல் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஷானிலின் அம்மா சுமன் வந்தாள்.

நான் அப்போது ஆபீஸ் அலமாரியில் விடைத்தாள் கட்டு தேடிக்கொண்டிருந்தேன். உள்ளறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். சுமன் ஃபாரத்தை மேஜைமேல் வைத்ததும் மோகினி ஹிந்தியை விட்டுவிட்டுத் தமிழில் ஆரம்பித்தாள். ஹெட்மாஸ்டருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதை இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

"சுமன் அக்கா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நீங்க எங்கயும் போகலையா?"

"யாரு சொன்னா?"

"நான்தான் ஸ்டாம்ப் அடிச்சேன் அக்கா. மூணு காப்பிக்கும்."

சுமன் கையிலிருந்த பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"விசா இன்னும் வர்லம்மா. வர்லைன்னா என் புள்ள எங்க போவான்? கரும்பு வெட்டவா?"

"எம் பொண்ணு எங்க போவா? அவ அடுத்த பேரு. நீ இன்னிக்கி விட்டுக் குடுத்தா அவளுக்கு சீட்டு. உன் கால்ல வேணா விழுறேன் அக்கா."

மோகினி உண்மையாகவே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். சுமன் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உனக்கு நெசமாவே தெரியாதா?" என்று கேட்டாள்.

"என்னா தெரியாதா?"

"போன நவம்பர்ல உன் வூட்டுக்காரரு எங்க டாக்ஸிலதான் சுவா போனாரு. நியூசிலாந்து ஆபீஸுக்கு. மூணு பேருக்கும் பேப்பர் போட்டுட்டு வந்தாரு. பொம்பளைங்களாண்ட சொன்னா வெளிய போயிடும், சொல்லாதேன்னு எங்க ஆள்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

மோகினி சிரித்தாள். "பாலாவா? மில்லுக்கு லீவு போட்டா சம்பளம் புடிப்பான்னு ஜுரத்தோட வேலைக்குப் போற ஆளு அக்கா அவரு."

"சிவப்பு ஃபைலு. மேல உன் பொண்ணு போட்டோ, நீல கவுன்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. நவம்பரில் பாலசுப்பிரமணி மகளை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய்ப் போட்டோ எடுத்தார். பள்ளிக்கூட அட்டைக்கு என்று சொன்னார். பள்ளிக்கூட அட்டைகளை வாங்கி அடுக்கி வைப்பவளே மோகினிதான். அந்த வருடம் அட்டைக்கு யாரிடமும் போட்டோ கேட்கவில்லை. ஊரார் முகத்தைப் பார்த்தே படித்துவிடுகிறவள் தன் வீட்டுக்காரரிடம் ஏமாந்திருந்தாள்.

மூன்று நாற்பதுக்கு ஹெட்மாஸ்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "மோகினி, லைன் மிலா?" லைன் கிடைத்ததா என்று கேட்டார். அவள் டயல் செய்தாள். கிடைக்கவில்லை. மறுபடியும் செய்தாள். அந்த நாட்களில் சுவாவுக்கு லைன் கிடைப்பதே பெரும்பாடு. இருபது நிமிடம் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் ஒருவரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். விரலை மெதுவாகச் சுழற்றினால் போதும். நான் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, மெதுவாகச் செய், மோகினி, மெதுவாகச் செய் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் வேண்டினேன்.

சுமன் எதிரே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். ஃபாரத்தில் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

"போடு அக்கா," என்றாள் மோகினி.

"நீ..."

"நாளைக்கி என் வூட்டுக்கு சீட்டு வந்தா, நாங்க எங்கயும் போகமாட்டோம்னு நானும் இதே எடத்துல கையெழுத்துப் போடணும். பொய்யின்னு தெரிஞ்சும் போடுவேன். அப்ப உன்னை நான் என்னான்னு கேக்குறது? போடு."

சுமன் கையெழுத்துப் போட்டாள். மோகினி முத்திரை குத்தினாள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு லைன் கிடைத்தது. அவள் ஷானிலின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டார்கள்போலிருக்கிறது. இன்னொரு முறை, இன்னும் தெளிவாகச் சொன்னாள்.

ஆறு வாரம் கழித்து சுமன் வீட்டில் பூட்டுத் தொங்கியது. கனடா. ஷானிலின் இடத்துக்கு அந்த வருடம் யாரையும் எடுக்கவில்லை. பட்டியல் மூடியாயிற்று என்று சுவாவிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. இரண்டு மதிப்பெண் குறைவாக வாங்கிய பெண் வீட்டில் இருந்தாள், அவள் உட்கார வேண்டிய நாற்காலி காலியாகக் கிடந்தது. பாலசுப்பிரமணியின் நியூசிலாந்து பேப்பரும் அடுத்த வருடம் திரும்பி வந்துவிட்டது. அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

பல வருடம் கழித்து, நான் குடியேறிய ஆக்லாந்திலிருந்து லௌடோகாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மோகினியைப் பார்த்தேன். அஷிகா பேங்கில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். சுமன் வீடு பூட்டிய அன்று சாயங்காலம் நடந்ததையும் அப்போதுதான் சொன்னாள். பெண் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, "மா, தும் ஜானத் ரஹா?" என்று ஹிந்தியில் கேட்டிருக்கிறாள். அவர்கள் போவது உனக்கு முன்பே தெரியுமா என்று.

"தெரியும்னு சொன்னேன், மாஸ்டர். நம்பரைச் சொன்னதும் நான்தான்னு சொன்னேன். ஏன்னு கேப்பா, கேட்டா அப்பா போட்ட பேப்பரைச் சொல்லணும்னு நெனைச்சிக்கிட்டு நின்னேன். அவ கேக்கல. உள்ள போயி கெமிஸ்ட்ரி புஸ்தகத்தையெல்லாம் கட்டி பக்கத்து வூட்டுப் பொண்ணுக்குக் குடுத்துட்டு வந்தா. அப்புறம் எனக்கு வெங்காயம் நறுக்கிக் குடுத்தா."

கையிலிருந்த தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. ஒருவாட்டி திட்டியிருந்தாள்னா நல்லாருந்திருக்கும், மாஸ்டர்," என்றாள்.