தம்பிக்குப் போட்ட உப்பு

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கார் பாகங்களைப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறு பொட்டலம் போடுவோம்.

"இன்னாக்கா இது, உப்பா? சாம்பாருக்கு எடுத்துகினு போவலாமா?" என்று புதிதாக வந்த பெண் கேட்டாள்.

"உப்பு மாதிரிதான். ஈரத்த இழுத்துக்கும், பொருள் கெடாது" என்றேன். சொன்னதும் என் கை நின்றுவிட்டது.

என் தம்பி மூன்று வயதில் காய்ச்சலில் இறந்தான். குழியில் இறக்கியதும் அப்பா ஒரு பை கல்லுப்பைக் கொட்டினார். அது சரசரவென்று விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு முந்தின வாரம்தான் பள்ளியில் எகிப்துப் பாடம் நடந்தது. அங்கே ராஜா செத்தால் உடம்பை உப்பில் காயவைத்துப் புதைப்பார்கள், எத்தனை காலமானாலும் முகம் அப்படியே இருக்கும் என்றார் டீச்சர்.

சாப்பிடாமல் கிடந்த அம்மாவிடம், "அழாதம்மா. உப்பு போட்டுக்கீறாங்க இல்ல, தம்பி கெட மாட்டான்" என்றேன். அம்மா எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்றாள்.

நம் ஊரில் உடம்பு சீக்கிரம் கரையத்தான் உப்பு போடுகிறார்கள் என்று பெரியவளான பிறகே எனக்குத் தெரிந்தது. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது கம்பெனி லாரிகளுக்காக ரோட்டை அகலமாக்க எங்கள் இடுகாட்டைத் தோண்டப் போகிறார்கள். அந்தப் பெண் உப்பா என்று கேட்ட அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, தம்பியின் பழைய சட்டை துவைத்துக் கொடியில் கிடந்தது.

"தோண்டறப்ப என்னையும் இட்டுகினு போ. அவன் மொகத்த ஒரு தரம் பாத்துடறேன்" என்றாள் அம்மா.