கைப்பிடிக்கு அடியில்

நான்கு வருடப் பொறியியல் படிப்பில் சித்தி ஹாஜராவுக்கு மிச்சமிருந்தது ஒரு கையெழுத்து. போடவேண்டியவர் விரிவுரையாளர் இல்லை. லிட்டில் இந்தியா பக்கம், சோற்றில் பல குழம்பு கலந்து தரும் நாசி கண்டார் கடையில் குழம்பு ஊற்றும் நாகூர் மீரான்.

இறுதியாண்டு புரோஜெக்ட்டுக்கு எங்கள் துறையில் அப்படி ஒரு விதி. செய்த கருவியை வெளியாள் ஒருவர் வேலை நேரம் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்து, உதவுகிறது என்று படிவத்தில் எழுதித்தர வேண்டும். ஹாஜரா செய்தது, சட்டியில் குழம்பு அறுபது டிகிரிக்குக் கீழே ஆறினால் கூவுகிற கருவி. அளவு குறித்துக்கொள்ள நானும் கூடப் போனேன்.

அவள் அப்பா மார்க்கெட் ஸ்திரீட்டில் துணி வெட்டிக் கொடுப்பவர். தாளில் எழுதச் சொன்னால் அவளுக்கு எல்லாம் ஏ. கையால் செய்வதென்றால் பயம். முதல் வருடம் ஈயம் பற்றவைக்கும்போது சுட்டுக்கொண்ட விரலில் இன்னும் வெள்ளைத் தழும்பு.

லேபில் வெந்நீரில் நாற்பது தடவை சோதித்தாள். ஒருதடவையும் பிசகவில்லை. கடையிலோ போன வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து கூட்டம் வந்ததும் கூவ ஆரம்பித்தது, நிற்கவேயில்லை.

"என்னா புள்ள, கட தீப்பிடிச்ச மாதிரி கத்துது! தீய அணைக்க பொம்பாவ கூப்புடவா?" என்றார் மீரான். வரிசை மொத்தமும் சிரித்தது.

இன்னொரு வெள்ளிக்கிழமைதான் பாக்கி. அதுவும் தவறினால் ஒரு செமஸ்டர் மறுபடி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காத்திருக்கும் வேலை வேறொருவருக்கு.

திங்கட்கிழமை அவள் கணினியைத் திறக்கவில்லை. கடைக்குப் போனாள்.

"அண்ணே, நானும் ரெண்டு நாள் ஊத்திப் பாக்குறேன்."

"படிக்க வந்தியா, கடைய வாங்க வந்தியா லா?"

மறுநாள் மீன் குழம்பை அள்ளியவள், சொட்டு பக்கத்துச் சட்டியில் விழக்கூடாதே என்று கரண்டியை விளிம்பில் தட்டினாள். ணங். அப்படியே நின்றுவிட்டாள். தட்டிய இடத்தில்தான் கருவியின் முனை மாட்டியிருந்தது. அந்த அதிர்வுதான் அளவைக் கெடுத்திருக்கிறது. லேபில் யாரும் எதையும் தட்டியதில்லை.

"அண்ணே, ஒரு நாளைக்கு எத்தன தடவ தட்டுவீங்க?"

"தட்டுறேனா? நானா?" என்று கேட்டுக்கொண்டே மீரான் தட்டினார்.

அவர் தட்டாத இடம் ஒன்றுதான்: இடது கை சட்டியைப் பிடித்திருக்கும் கைப்பிடி. தன் விரலைத் தானே யார் அடித்துக்கொள்வார்? ஒவ்வொரு சட்டியிலும் முனையை அதற்கு அடியில் மாற்றிப் பொருத்தினாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கூட்டம் வந்தது. ணங், ணங். கருவி கூவவில்லை. நல்லபடியாக இருக்கிறதா, செத்தே போனதா என்றும் தெரியவில்லை. ஹாஜரா தழும்பைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

மூன்றேகாலுக்குக் கணவாய் மீன் குழம்புச் சட்டி கூவியது. வெப்பமானியை விட்டுப் பார்த்தேன்: ஐம்பத்தொன்பது. மீரான் அடுப்பைக் கூட்டினார். குழம்பு சூடேறியதும் சத்தம் நின்றது.

"சரியாத்தான் சொல்லுது லா. எங்க, பாரத்தக் குடு."

கையெழுத்தோடு மஞ்சள் கறையும் படிவத்தில் பதிந்தது. ஹாஜரா விட்ட மூச்சு எனக்கே கேட்டது.

"காலையிலருந்து சாப்புடல தானே? ஒக்காரு."

சோற்றில் நாலு குழம்பையும் ஊற்றிவிட்டுச் சட்டி விளிம்பில் ஒரு தட்டு தட்டினார். ஹாஜரா பழக்கத்தில் திடுக்கிட்டுத் திரும்பினாள். கருவி சும்மா இருந்தது. பிசைய ஆரம்பித்தாள்.