கம்ப்யூட்டர் முன்னால் ஏலக்காய்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். குடியை விடுவதற்கு நான் வைத்தியம் பார்த்துக்கொண்டது இரும்புலியூரில் ஒரு பிரவுசிங் சென்டரில். டாக்டர் வேறு ஊர்க்காரர். தினமும் காலை பத்து மணிக்குத் திரையில் வருவார். குடித்துவிட்டு வந்தால் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சேர்ந்தால் பம்மல் பட்டறையில் என் வேலை போய்விடும்.

நாலாம் நாள் காலையில் கொஞ்சம் குடித்துவிட்டேன். வழக்கம்போல இரண்டு ஏலக்காயை மென்றுகொண்டே போய் உட்கார்ந்தேன்.

“வாயில என்ன சார்?” என்றார் டாக்டர்.

“ஏலக்காய் சார்.”

“யாருக்கு வாசனை வரக்கூடாதுன்னு?”

பக்கத்தில் இருந்த என் மனைவி சிரித்துவிட்டாள். “கம்ப்யூட்டரையே ஏமாத்துறாரு சார் இவரு!”

முகமும் குரலும் வருகிற கம்பியில் வாசனை மட்டும் ஏன் வராது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“எவ்ளோ குடிச்சீங்க?”

மறைக்காமல் சொன்னேன். எதிரில் ஆள் இருந்திருந்தால் கூச்சத்தில் பொய்தான் வந்திருக்கும்.

“உண்மையைச் சொல்லிட்டீங்க. இந்த ஒரு தடவை விடறேன். நாளைக்குக் குடிக்காம வாங்க.”

மறுநாள் குடிக்கவில்லை. சென்டரில் கரண்ட் இல்லாததால் பன்னிரண்டு மணி வரை வாசலில் காத்திருந்து, டாக்டரிடம் பேசிவிட்டு வேலைக்குப் போனேன்.