ஒழுகாத காம்பரா

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். "காதப் பாருங்க, செவந்துருச்சு, இன்னைக்கு எவனோ மாட்டிக்கிட்டான்" என்று கேலி செய்வார்கள். காப்புறுதிக் கம்பெனியின் கடிதத்தை வாசித்த அன்று யாரும் கேலி செய்யவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ராகலையிலிருந்து உடப்புசல்லாவைக்குப் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறினால் எங்கள் லயம். ஒரே நீளக் கூரை, அதன் கீழே பத்துக் காம்பரா. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதற்கு முன்னால் திண்ணை மாதிரி ஓர் இஸ்தோப்பு. கூரை ஒன்றுதான் என்றாலும் ஒழுகுவது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. எங்களுடையது கடைசிக் காம்பரா, காற்று மோதுகிற மூலை. தோட்ட ஆபீசுக்குத் தகரம் கேட்டு எத்தனை தடவை போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எங்கள் லயத்தில் சாமான்கள் இடம் மாறும். ஒழுகுகிற காம்பராக்காரர்கள் நனையக்கூடாததை எல்லாம் தூக்கிக்கொண்டு ஒழுகாத காம்பராவுக்குப் போவார்கள். டிவி, அரிசி மூட்டை, பிள்ளைகளின் சர்டிபிகேட், கலியாணச் சேலை எல்லாம் போகும். அனுமதி கேட்கிற பழக்கம் கிடையாது. தையில் வெயில் வந்ததும் அவரவர் சாமான் அவரவர் வீட்டுக்குத் திரும்பி வரும். இத்தனை வருடத்தில் ஒரு கரண்டி காணாமல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என்னுடைய சாமான்கள் எப்போதும் அக்கா வீட்டுக்குத்தான் போகும். எங்களிலிருந்து நான்காவது காம்பரா. கூடப் பிறந்தவர் இல்லை. ஆனால் எனக்கு இடுப்பு வலி வந்த அன்று, வீட்டுக்காரர் கொழும்பில் ஹோட்டல் வேலையில் இருக்க, என்னைக் கைத்தாங்கலாகப் பஸ் ரோடு வரைக்கும் கொண்டுபோனவர் அவர்தான். அவருடைய மகன் சொந்தமாகத் தகரம் வாங்கிப் போட்டு, இஸ்தோப்புச் சுவருக்குக் கிளிப்பச்சைப் பெயின்ட் அடித்திருந்தான். மழைக்காலம் முழுக்க என் இரண்டு தையல் மெஷினும் அந்தப் பச்சைச் சுவரை ஒட்டித்தான் நிற்கும். நானும் அங்கே உட்கார்ந்துதான் தைப்பேன்.

நான் தையல்காரி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வெள்ளைச் சீருடைத் துணி எங்கள் டிவிஷனில் என் கைக்குத்தான் வரும். அம்மா கடைசிவரைக்கும் கொழுந்து எடுத்தவர். அந்த வேலையை நான் கேவலமாக நினைத்ததில்லை. ஆனால் அதை விட்டு வெளியே வர நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மெஷின் வாங்க வங்கியில் கடன் எடுத்தபோது, வீட்டுச் சாமான்களுக்குக் காப்புறுதியும் எடுக்கச் சொன்னார்கள். அதற்காக டை கட்டிய முகவர் ஒருவர் ஒரு மழை நாளில் லயத்துக்கே வந்து எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த வருட மார்கழியில் தீப்பிடித்தது. நான் நூலும் பொத்தானும் வாங்க ராகலைக்குப் போயிருந்தேன். பஸ் வளைவில் திரும்பும்போதே எங்கள் பக்கம் புகை தெரிந்தது, தொழிற்சாலைச் சங்கு விடாமல் ஊதியது. மழையில் ஊறிய வயர் கூரைக்குள் பொறி விட்டிருக்கிறது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்து தண்ணீர் ஊற்றியும் நடுவில் மூன்று காம்பரா போய்விட்டன. அதில் அக்காவுடையது ஒன்று. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மெஷின் இரண்டும் கறுத்த இரும்பாய்க் கிடந்தன. பிள்ளைகளின் துணி சாம்பலாகிவிட்டது. அந்தத் துணிக்காக அழுததுபோல நான் வேறு எதற்கும் அழவில்லை.

கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தவர் வாகனத்தை ரோட்டில் விட்டுவிட்டு, சப்பாத்தில் சேறு படாமல் பார்த்துப் பார்த்து ஏறி வந்தார். "உங்க வீடு எது?" என்று கேட்டார். காட்டினேன். அது எரியவில்லை. உள்ளே ஒழுக்குக்கு வைத்த இரண்டு வாளி மட்டும் இருந்தது.

"அப்ப எரிஞ்ச மெஷின் எங்க இருந்துச்சு?"

"அக்கா வீட்டுலங்க. மழைக்கு அங்கதான் வைப்போம்."

"எரிஞ்ச துணி?"

"அது என்னுது இல்லங்க, பள்ளிக்கூடப் புள்ளைங்களோடது. அத நான் கேக்கல."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். எரிந்து நின்ற மெஷினைக் காட்டினேன். தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்தது. எங்களுக்குக் கதவுக்குக் கதவு தபால் வராது. ஆபீசில் யாருக்காவது ஞாபகம் வந்து கொடுத்தனுப்பினால்தான் கைக்குக் கிடைக்கும். பிரித்தால் முழுவதும் இங்கிலீஷ். போனை வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிப் படித்தேன். காப்புறுதி செய்த இடத்தில் எந்த நட்டமும் ஏற்படவில்லையாம். எரிந்ததாக "கூறப்படும்" பொருட்கள் "மூன்றாம் நபர் ஒருவரின்" வசிப்பிடத்தில் இருந்ததாம். அவை என்னுடையவை என்பதற்குத் திருப்தியான ஆதாரம் இல்லையாம். ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறதாம்.

கூறப்படும்! அப்படியென்றால் நான் கதை கட்டியிருக்கிறேன். அக்காவின் சாமானை என்னுடையது என்று சொல்லிக் காசு பிடுங்கப் பார்த்திருக்கிறேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. அதைவிட அந்த மூன்றாம் நபர் என்ற சொல்தான் என்னைக் கொன்றது. எங்கள் அக்கா யாருக்கு மூன்றாம் நபர்? சேற்றுக்குப் பயந்து நடந்து வந்தவர், ஒரே பார்வையில் அவரை மூன்றாம் நபராக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் லயத்தில் என்னைத்தான் திட்டினார்கள். "உன் காம்பராவுலதான் இருந்துச்சு, தண்ணி ஊத்த வெளிய தூக்கி வச்சப்ப பொறி பட்டு எரிஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல? நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் பக்கத்துக் காம்பரா அண்ணன். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் கெட்டுப்போவோம் என்று ஒரு ஊரே நம்புகிற நிலைமைக்கு யார் எங்களைக் கொண்டுவந்தது என்று அவரிடம் கத்தினேன். பாவம், அவர் வெற்றிலையைக்கூட மெல்லாமல் எழுந்து போனார்.

தை பிறந்ததும் நான் தோட்டத்தில் பேர் பதியாமல், அன்றன்றைய கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போனேன், அக்கா நிற்கிற அதே மலையில். வேறு வழி இல்லை. கொழுந்துக் கறை விரல் ரேகைக்குள் இறங்கிவிட்டால் தேசிக்காய்ச் சாறு தேய்த்தாலும் போகாது. அந்தக் கையால் வெள்ளைத் துணியைத் தொட்டால் துணி பாழ். ஒன்று நான் தையல்காரி, இல்லையென்றால் கொழுந்துக்காரி. இரண்டுமாக இருக்க இந்தக் கை விடாது. ஒவ்வொரு நாளும் என் விரலைப் பார்க்கப் பார்க்க, மெஷின் கிடைக்காவிட்டால் இனி ஆயுசுக்கும் இதுதான் என்று பயம் வரும். அந்தப் பயம் அப்படியே கோபமாக மாறிவிடும்.

ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு கம்பெனியின் நுவரெலியா கிளைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, தரையில் கம்பளம். கவுண்டரில் இருந்த பெண் சிங்களத்தில் தன்மையாகத்தான் பேசினார். ஆனால் பேசியது முழுக்க எனக்கு எதிராகவே இருந்தது. கடிதம் போட்டு எத்தனையோ நாளாகிவிட்டதாம், ஏன் தாமதம் என்றார். உங்கள் கடிதம் தோட்ட ஆபீசில் தூங்கியது என்றேன். காப்புறுதி உங்கள் வீட்டுக்கு மட்டும்தான் என்றார். பத்திரத்தை எடுத்துப் போட்டேன். அதில் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் மட்டும்தான் இருந்தன, காம்பரா இலக்கம் கிடையாது. எங்களுக்கு அப்படியொரு விலாசம் யாரும் கொடுத்ததே இல்லை. தவணை வாங்கும்போது லயம் முழுக்க ஒரே விலாசம், கொடுக்கும்போது மட்டும் பத்து வீடா என்று கேட்டேன். அவருடைய முகம் மாறியது. ஆனாலும், "பொருள் உங்களுடையது என்பதற்கு ஆதாரம் வேண்டுமே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் மலையில் வைத்து, கிளையில் நடந்ததை அக்காவிடம் சொன்னேன். அக்கா கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏன் புள்ள, அந்த டை கட்டுன ஆளு எங்க ஒக்காந்து எழுதுனாரு? ஓன் காம்பராவுலயா?"

"இல்லக்கா. அன்னைக்கும் மழை. ஒங்க இஸ்தோப்புலதான்."

"போனை எடுத்து மெஷின போட்டோ புடிச்சாருல்ல? நான் தேத்தண்ணியோட வந்து நின்னேன், கொஞ்சம் தள்ளுங்கம்மான்னு கூடச் சொன்னாரே. அந்தப் போட்டோ எங்க?"

நான் அந்தப் படத்தை மறந்தே போயிருந்தேன். அக்கா கூடையை இறக்கி வைத்தார். "நாளைக்கு நானும் வாறேன். மூணாவது ஆளு யாருன்னு அவங்களும் பாக்கட்டும்" என்றார்.

அடுத்த நாள் கோயிலுக்கு உடுத்துகிற சேலையில் அக்கா என்னுடன் பஸ் ஏறினார். கம்பளத்தில் செருப்போடு போகலாமா என்று வாசலில் ஒரு நிமிடம் தயங்கினார். கழற்ற வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அதே கவுண்டர்ப் பெண்ணிடம் என் பைலைத் திறந்து முகவர் எடுத்த படத்தைக் காட்டச் சொன்னேன். உள் ஆவணங்களைக் காட்ட முடியாது என்றார் அந்தப் பெண். காட்டும்வரைக்கும் எழும்ப மாட்டோம் என்று கதிரையில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் கண்ணாடி அறையிலிருந்து முகாமையாளரே வந்து, கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார்.

என் இரண்டு மெஷினும் புத்தம் புதிதாக நின்றன. பின்னால் கிளிப்பச்சைச் சுவர். படத்தின் ஓரத்தில், தட்டில் தேத்தண்ணீரோடு, தள்ளி நின்றும் முழுதாகத் தள்ளாமல் பாதி முகமாக அக்கா.

முகாமையாளர் படத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "மாத்தியா, அது என் வீடு. உங்க ஆள் அங்கதான் உட்கார்ந்தார். அன்னைக்கு அவர் குடிச்சது என் தேத்தண்ணி."

நான் ஒரு வண்டி வார்த்தை தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். அதில் ஒன்றும் தேவைப்படவில்லை. உங்கள் ஆளே மெஷினை எந்த வீட்டில் பார்த்தாரோ, அந்த வீட்டில்தான் அது எரிந்தது என்று மட்டும் சொன்னேன். மறுபடி பரிசீலிப்போம் என்றார்கள்.

பரிசீலித்தார்கள். சித்திரைக்கு முன்னால் பணம் வந்தது, நான் மெஷின் வாங்கினேன். ஆனால் கூடவே வந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "நல்லெண்ண அடிப்படையில்" கொடுக்கிறார்களாம். தாங்கள் செய்தது தவறு என்று ஒரு வரி இல்லை. கூறப்படும் என்று எழுதியதற்கு ஒரு மன்னிப்பு இல்லை. என் மெஷினுக்கான காசை எனக்கே தர்மம் போட்டிருக்கிறார்கள். கறை போக விரலைத் தேய்த்துக்கொண்டே அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மெஷின் கிடைத்த சந்தோஷத்தைக்கூட எனக்கு முழுதாக விட்டுவைக்கவில்லை.

எரிந்த மூன்று காம்பராவுக்கும் தோட்டம் புதுத் தகரம் போட்டுக் கொடுத்தது, அக்காவும் தன் காம்பராவுக்குத் திரும்பிவிட்டார். அப்படியே எங்கள் மூலைக்கும் நாலு தகரம் கேட்டேன். எரிந்ததற்குத்தான் தகரம், ஒழுகுவதற்கு இல்லை என்றார் தோட்ட ஆபீஸ் கிளாக்கர்.

மறுபடி ஐப்பசி வந்தது. மழையும் வந்தது, காப்புறுதியைப் புதுப்பிக்கும் படிவமும் வந்தது. இந்த முறை அதில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தார்கள்: பொருட்கள் வைக்கப்படும் அறை. குறிப்பிட்ட அறைக்கு வெளியே நட்டம் நேர்ந்தால் கம்பெனி பொறுப்பல்லவாம். என்னால் அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் அதுதான்.

"ஓன் காம்பராவையே எழுதிட்டு வாய மூடிக்கிட்டு இரு. போன தடவ உண்மையச் சொல்லித்தான லோல்பட்ட" என்றார் அக்கா.

என் காது சிவந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும், பேனாவை என் பக்கம் தள்ளி வைத்தார். கூரையிலிருந்து சொட்டியது படிவத்தில் விழாமல் கையால் மறைத்துக்கொண்டு, அந்தக் கட்டத்துக்குள் தமிழில் எழுதினேன்: எங்கள் லயத்தில் எந்தக் காம்பரா ஒழுகவில்லையோ, அந்தக் காம்பரா.

ஏற்றுக்கொள்வார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு. படிவத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். மெஷினின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். மறுபக்கத்தை மூன்றாம் நபர் பிடித்தார்.