மூடாத வாளி

ஊர் அவளுக்கு வைத்த பெயர் நத்தையக்கா. பதினெட்டு வருஷமாக முழங்கால் பூட்ஸை மாட்டிக்கொண்டு, நீளக் கைப்பிடி வைத்த சல்லடையால் வாய்க்காலில் நத்தை அள்ளுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

சுகாதார நிலையத்தின் பின்னறைதான் அவள் ராஜ்யம். ஒரு நத்தைக்கு ஒரு கண்ணாடிக் குழாய், அதில் இரண்டு விரல் தண்ணீர். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் வைத்தால், நோயுள்ள நத்தையிலிருந்து வால் பிளந்த பொடிப் புழுக்கள் வெளியே வந்து நீந்தும். தண்ணீரில் இறங்குகிறவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடித்தனம் நடத்துகிற புழு அது. கண்டுகொள்ளாமல் விட்டால் சிறுநீரில் ரத்தம் போகும், உள்ளுறுப்பெல்லாம் கெடும். புழு தென்பட்டால் கரையில் சிவப்புப் பலகை. மூன்று வாரம் தொடர்ந்து தென்படாவிட்டால் பலகையை எடுத்துவிடலாம். இரண்டுமே அவள் கையெழுத்தில்தான் நடக்கும்.

இந்தத் தடவை பலகை ஐந்து மாதம் நின்றது. விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற அவள் தங்கைக்கு அதனால் பிழைப்பே படுத்துவிட்டது. "உன் நத்தைங்க எப்பக்கா மனசு வைக்கும்?" என்று பார்க்கும்போதெல்லாம் நச்சரிப்பாள். ஒருவழியாக மூன்றாவது வாரமும் குழாய்கள் சுத்தம். அக்கா கையெழுத்துப் போட்டாள். தங்கை அன்றைக்கே தண்ணீரில் இறங்கினாள்.

பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி நத்தை பிடிக்கக் கிளம்பியபோது, வாளியை மூடுகிற கறுப்புத் துணியை ஆணியிலிருந்து எடுத்து உதறினாள். சோப்பு வாசனை அடித்தது. அவள் அந்தத் துணிக்குச் சோப்புப் போட்டு யுகமாயிற்று. அப்போதுதான் அவளுக்குப் போன தடவை நடந்தது ஞாபகம் வந்தது.

அந்த மூன்றாவது வாரம் நத்தைகளோடு திரும்பும் வழியில் தங்கை வீட்டில் டீ குடிக்க உட்கார்ந்திருந்தாள். வாளி வாசலில், வெயிலில். பேச்சு சுவாரசியத்தில் ஒன்றரை மணி நேரம் ஓடியதே தெரியவில்லை. கிளம்பும்போது பார்த்தால் கறுப்புத் துணி கொடியில் தொங்குகிறது. "எவ்வளவு அழுக்குக்கா! அலசிப் போட்டுட்டேன்" என்று தங்கை பெருமையாகச் சொன்னாள். இவளும் சிரித்துக்கொண்டே துணியை ஈரத்தோடு வாங்கி வந்தாள். வெளிச்சம் பட்டால் புழுக்கள் வாளியிலேயே இறங்கிவிடும் என்பது, தானே பத்துப் பேருக்குப் பாடம் எடுத்த விஷயம், மண்டையில் உறைக்கவே இல்லை. வாளித் தண்ணீரைக் குழியில் கொட்டிவிட்டு, காலியான நத்தைகளைக் குழாயில் போட்டுச் சுத்தம் என்று எழுதியிருக்கிறாள், புத்திசாலி!

இந்தத் தடவை பிடித்த நாற்பது நத்தைகளை வழியெல்லாம் மூடியே கொண்டுவந்தாள். ஒன்பது குழாய்களில் புழு நெளிந்தது. டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

தங்கை முழங்கால் தண்ணீரில் நின்று விரிப்பை அடித்துக்கொண்டிருந்தாள்.

"மேல ஏறு."

"இன்னும் நாலுதான் இருக்கு."

"ஏறுடீ!"

ஏறினாள். இரண்டு காலிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிப்பொரியாக இருந்தது.

"இது எத்தனை நாளா?"

"ஒரு வாரமா அரிக்குது. சோப்பு ஒத்துக்கல போல."

அக்கா பலகையைக் கீழே போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னாள். தங்கை குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"மருந்து இருக்குல்ல?"

"இருக்கு. புழு உள்ள போய் வளர்ந்தப்புறம்தான் கேக்கும். ஆறு வாரம் பொறுக்கணும்."

"அதுவரைக்கும் உள்ள வச்சுக்கிட்டே திரியணுமா?"

"ஆமா."

"இது எப்படிக்கா தப்பாச்சு?"

நீ துவைத்த துணிதான்டீ என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால் பாரம் பாதியாகக் குறையும். ஆனால் அழுக்கைக் கண்டால் துவைப்பது தங்கையின் தொழில். வாளி திறந்து கிடந்ததைக் கவனித்திருக்க வேண்டியது யார்? அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"வாளியை மூட மறந்துட்டேன்" என்றாள்.

"பதினெட்டு வருஷமா இதைத்தானே பண்றே? ஒரு வாளியை மூடத் தெரியலையா உனக்கு?"

"தெரியல."

தங்கை ஈர விரிப்புகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். நாலடி நடந்துவிட்டு நின்றாள். திரும்பவில்லை.

"நீ சொன்னேன்னுதான்க்கா இறங்கினேன்."