இடது பல்லுக்கு ஒன்று, வலது பல்லுக்கு ஒன்று

எனக்கு ஏழு வயதில் கீழ்வரிசையில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு கடைவாய்ப் பால்பற்கள் சொத்தையாகிவிட்டன. சோறு எந்தப் பக்கம் போனாலும் அழுகைதான். விழப்போகிற பல்லுக்கு எதற்கு வைத்தியம் என்று உசிலம்பட்டியில் எல்லோரும் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. அப்பாவையும் இழுத்துக்கொண்டு, மதுரைப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு என்னைக் கூட்டிப்போனாள்.

முளைக்கப்போகிற பல்லுக்குப் பால்பல்தான் இடம் பிடித்து வைத்திருக்கும், அதனால் பிடுங்க வேண்டாம் என்றார் அங்கிருந்த இளம் டாக்டரம்மா. கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டு உள்ளே மருந்தை அடைக்க வேண்டுமாம். வெகுகாலமாகப் போட்டுவருகிற மருந்து ஒன்று, புதிதாக வந்தது ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சம்மதித்தால் ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது, எந்தப் பக்கம் எது என்பது குலுக்கலில்.

"எது நல்லதோ அதையே ரெண்டு பக்கமும் போட்டுவிடுங்க டாக்டரம்மா" என்றாள் அம்மா.

"எது நல்லதுன்னு தெரிஞ்சா போட்டுற மாட்டேனாக்கா? அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம். இஷ்டமில்லைன்னா ரெண்டுக்கும் பழசையே போட்டுறலாம்."

யோசித்துச் சொல்கிறோம் என்று வராந்தாவுக்கு வந்தோம்.

"டாக்டருக்கே தெரியாதாம்ல. பழசே போதும்ங்க."

"சரி, பழசையே போடச் சொல்லு" என்றார் அப்பா.

"புதுசுதான் நல்லதா இருந்துட்டா?"

"அப்பப் புதுசு."

"ஒத்துக்காமப் போச்சுன்னா?"

"கடலை விதை புதுசா வந்தா எங்கய்யா பாதிக் காட்டுலதான் போடுவாரு."

"அது காடு. இது பிள்ளை வாய்ங்க!"

நான் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தேன். கடைசியில் அம்மா விறுவிறுவென்று உள்ளே போய், "ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு போடுங்க" என்று தீர்ப்புபோலச் சொன்னாள். டாக்டரம்மா முதலிலேயே சொன்னதும் அதுதானே? பிறகு எதற்கு வராந்தாவுக்குப் போனோம் என்று எனக்குப் புரியவில்லை.

வலி நின்றது. வீட்டில் எல்லோரும் எந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அம்மாவுக்கு எதிரே நின்றால் என் இடது அவளுக்கு வலதாகிவிடும். நான் ஒன்றைச் சொல்ல, அவள் வேறொன்றைத் தடவிப் பார்த்துப் பதறுவாள்.

சில மாதங்கள் கழித்து வலப்பக்க ஈறு வீங்கியது. பழைய மருந்து போட்ட பக்கம். படம் எடுத்துப் பார்த்துப் பல்லைப் பிடுங்கினார்கள். இடம் மூடிக்கொள்ளாமல் இருக்க, புண் ஆறியதும் ஒரு கம்பி மாட்டலாம் என்றார் டாக்டரம்மா.

"அப்பப் புதுசுதான் நல்லது, இல்லையா?" என்றாள் அம்மா.

"ஒரு பிள்ளையை வச்சுச் சொல்ல முடியாதுக்கா. இன்னொரு பிள்ளைக்கு நேர்மாறா ஆகியிருக்கு."

ஆரப்பாளையத்தில் ஊருக்குப் பஸ் ஏறினோம். என் வாயில் பஞ்சு.

"நல்லவேளை, ரெண்டு பக்கமும் பழசைப் போடல. ரெண்டும் போயிருக்கும்" என்றாள் அம்மா.

"ரெண்டுலயும் புதுசைப் போட்டிருந்தா ரெண்டும் நின்னுருக்கும்ல" என்றார் அப்பா.

அம்மா சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. அவள் சொன்னதைத்தானே அப்பாவும் திருப்பிச் சொன்னார்? இதற்கா அழுவார்கள்? பஞ்சோடு கேட்க முடியவில்லை.

அப்பா மெதுவாக, "விடு. நீ என்னத்தைக் கண்ட?" என்றார்.

அம்மா எதைக் காணாமல் விட்டாளோ என்று நானும் எட்டி வெளியே பார்த்தேன். கருவேல மரங்கள்தான் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன.