செவலை தாண்டாத நிலைப்படி

எருத்தேன்பதியில் செல்லாத்தாளிடம் வாய் கொடுக்க ஆண்பிள்ளைகளே யோசிப்பார்கள். புருஷன் போன பிறகு கடலைக்காட்டைத் தனியாளாகப் பண்ணையம் பார்த்தவள். காட்டுக்குக் காவல் நாய் வேண்டும். ஆனால் நாய் வீட்டுக்குள் வரக்கூடாது. அந்த விஷயத்தில் அவளிடம் தயவு தாட்சண்யமே கிடையாது. குட்டியாக வந்த புதிதில் அவளுடைய காவல் நாய் செவலை அடுப்படியில் புகுந்து பால்சட்டியில் வாய் வைத்தது. கையிலிருந்த கரண்டியாலேயே அதன் மூக்கில் ஒன்று வைத்தாள். அவ்வளவுதான், அதன்பின் கதவு விரியத் திறந்து கிடந்தாலும் செவலை நிலைப்படி தாண்டியதில்லை. மாட்டுக் கொட்டகையோரம் இருந்த கல்தொட்டியில் தண்ணீர், பக்கத்திலேயே ஒரு மண்சட்டியில் சோறு.

எழுபத்து நாலாம் வருஷம் ஆடியில் செவலைக்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. கிழட்டு நாய், பல் தேய்ந்து, கண்ணில் பூ விழுந்திருந்தது. கணவாய்க் காற்று சாரலை அள்ளி வீச, கொட்டகையோரம் நனைந்து நடுங்கிக் கிடந்தது. செல்லாத்தாள் அதைச் சாக்கில் சுருட்டித் தூக்கிவந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டாள். சாகப்போகிற காலத்தில் என்ன பெரிய சட்டம் வேண்டிக்கிடக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நாய் வாயைத் திறக்கவில்லை. கம்பங்கூழ், மோர், கருவாட்டுத் தலை என்று எல்லாம் வைத்துப் பார்த்தாள். தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியது. மறுநாளும் அதே கதைதான்.

பக்கத்துத் தோட்டத்துச் செங்கோட்டையன் எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். முந்தின மாதம்தான் எங்கிருந்தோ வந்த வெறிநாய் கடித்து அவன் கன்றுக்குட்டி செத்திருந்தது.

“ஏனுங்க்கா, தண்ணியக் கண்டா மெரளுதே. இது வெறிதானுங்க. கொழந்தைக ஓடியாடற எடம். நீங்க நவுந்துக்குங்க, நா பாத்துக்கறேன்.”

“போடா! என்ர நாயிக்கு வெறின்னு சொன்னா வாய் அழுகிப் போயிரும்.”

“வையுங்க, வாங்கிக்கறேன். பொழுது எறங்கறதுக்குள்ள அது ஒரு மொடக்குத் தண்ணி குடிச்சுதுன்னா நா ஏன் வாரேன்? இல்லீன்னா தடியோடதான் வருவேன்.”

அவன் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். அதனால்தான் பயமாக இருந்தது.

சாயங்காலம் தடியோடு வந்தான். கூட நாலைந்து பேர். அந்த நேரம் பார்த்தா செவலை நகர வேண்டும்? முன்னங்கால்களால் உடம்பை இழுத்து இழுத்து வாசலை நோக்கிப் போனது.

“பாத்தீங்களா? வெறி புடிச்சது ஓடத்தான் பாக்கும்” என்றான் செங்கோட்டையன்.

நிலைப்படியில் ஏற முடியாமல் அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டு செவலை கிடந்தது. அது பார்த்த திசையில் செல்லாத்தாளும் பார்த்தாள். அங்கே கல்தொட்டி இருந்தது. திரும்பி, அது படுத்திருந்த சாக்கைத் தொட்டாள். காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு மூத்திரம்கூட இல்லை. இத்தனை நேரமும் அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. அடுப்புமேல் கரண்டி இருந்தது.

“அட பாவி, நாந்தானா?” என்றாள்.

நாயை வாரித் தூக்கிக்கொண்டு, தடி வைத்திருந்தவனை முழங்கையால் தள்ளிவிட்டுத் தொட்டியருகே போனாள். கீழே விட்டதும் முதலில் மூத்திரம் பெய்தது. பிறகு அவள் தலையைத் தாங்கிப் பிடிக்க, தொட்டிக்குள் நாக்கை நீட்டி சளப் சளப்பென்று குடித்தது. மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மிவிட்டு மறுபடியும் குடித்தது.

செங்கோட்டையன் தடியைக் கீழே போட்டான். “ஊட்டுக்குள்ள குடிக்கறதுக்கு அதுக்கு என்னுங்க நோவு?”

“ஊட்டுக்குள்ள வேண்டாம்னு நாந்தான்டா அடிச்சு வெச்சிருக்கேன்.” நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதாள்.

அந்தத் தடியையே ஒரு காலாக நட்டுத் தொட்டிக்குமேல் பனையோலை வேய்ந்து கொடுத்தான் செங்கோட்டையன். ஐப்பசியில் சாகும்வரை செவலை அதன் கீழேதான் இருந்தது. வீட்டுக்குள் வா என்று செல்லாத்தாள் அதை மறுபடி கூப்பிடவில்லை.

தை மாசம் வேறொரு குட்டி வந்தது. வந்த அன்றே நிலைப்படியில் உருண்டு ஏறி நேராக அடுப்படிக்கு ஓடியது. செல்லாத்தாள் கரண்டியை எடுத்தாள். பாலை மொண்டு அதன் மூக்குக்கு முன்னால் பிடித்தாள்.

“குடி” என்றாள்.